எல்லோரும் பாலம் ஏறிய காலை

நடைமேம்பாலத்தைத் திறந்த நாளில் மொர்ஜினாவும் ஆசையாகத்தான் அதில் ஏறினாள். மேலே காற்று நன்றாக வந்தது. டாக்காவின் வடக்கு ஓரத்துத் தேதுல்தலா முனை முழுக்கத் தெரிந்தது. இந்தப் பக்கம் அவள் குடியிருக்கும் தகரக்கூரை வரிசை வீடுகள், அந்தப் பக்கம் மூன்று ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள், நடுவில் பஸ்கள் ஒன்றையொன்று முந்தி ஓடுகிற அகலச் சாலை. வேடிக்கை பார்த்துவிட்டு இறங்கி ஓடினாள். தொழிற்சாலை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது கதவு மூடியிருந்தது. அன்று அவள் பெயரில் தாமதம் விழுந்தது. அதோடு பாலத்துக்கும் அவளுக்கும் இருந்த உறவு முடிந்தது.

மற்றவர்களும் ஏறவில்லை. ஆள் கடப்பது முனையில். பாலம் நின்றதோ முனையைத் தாண்டி அரிசி மண்டிக்கும் அப்பால், கட்டுவதற்கு இடம் கிடைத்த இடத்தில். அங்கே நடந்து போய், ஏறி, இறங்கி, மறுபடி முனைக்கே திரும்பி வரவேண்டும். படிகள் ஒவ்வொன்றும் ஒரு முக்கலுக்கு ஒன்று என்ற உயரம். மேலே இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் உரசும். அந்த அகலத்திலும் பாதியைச் செருப்பு விற்கிறவர்களும் போன் உறை விற்கிறவர்களும் பிடித்துக்கொண்டார்கள். எட்டு மணிக்குக் கதவு மூடுவதற்குள் சாலையைக் கடந்தாக வேண்டிய பெண்களோ ஆயிரக்கணக்கில். முனைக்கு நேரே சாலையின் நடுத்திட்டில் ஓர் இடைவெளி இருந்தது. பாலம் வருவதற்கு முன்னும் வந்த பின்னும் எல்லோருக்கும் அதுதான் வழி. துப்பட்டாவை இழுத்துச் செருகி, ஒரு கையை நீட்டிக்கொண்டு, ஒரு பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் நடுவே ஓட்டம்.

அப்படி ஓடும்போதுதான் கோஹினூர் அடிபட்டாள்.

கோஹினூர் மொர்ஜினாவின் பக்கத்து அறைக்காரி, அக்கா என்ற முறையில் அவளை 'ஆபா' என்று கூப்பிடுகிறவள். தொழிற்சாலையிலும் இருவருக்கும் ஒரே லைன். மொர்ஜினா மிஷினில் காலர் வைத்துத் தள்ளினால், பக்கத்தில் நின்று பிசிர் வெட்டுகிற ஹெல்ப்பர் கோஹினூர்தான். அன்று காலை மழை விட்டிருந்தது. இருவரும் கைகோத்து நடுத்திட்டுவரை வந்துவிட்டார்கள். மறுபாதியில் ஆள் ஏற்றிக்கொண்டு நின்ற பஸ்ஸுக்கு முன்னால் இறங்கினார்கள். அந்த பஸ்ஸின் மறைவிலிருந்து இன்னொரு பஸ் முந்திக்கொண்டு வந்தது. மொர்ஜினா இழுத்தாள். ஈரக்கை, வழுக்கிக்கொண்டு போய்விட்டது. கோஹினூரின் வலது தொடை எலும்பு இரண்டாக உடைந்தது.

எலும்பு ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்கவில்லை. தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். லைன் சூப்பர்வைசர் கேட்டார். பஸ் முதலாளியின் ஆள் கேட்டான். விவரம் எழுதிக்கொள்ள வந்த போலீஸ்காரரும் கேட்டார்: "பாலம் இருக்கறப்ப கீழ எதுக்கும்மா எறங்கின?" தப்பு அவள் மேல் என்பதால் பஸ்காரன் ஒன்றும் தரவேண்டியதில்லை என்று ஆனது.

அவர்கள் சொன்னதுகூட மொர்ஜினாவுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இரண்டாம் நாள் மாலை கோஹினூரே அதைச் சொன்னாள்.

"என் தப்புதான் ஆபா. பாலத்துல போயிருக்கணும்."

மொர்ஜினா அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"எட்டு மணியானா கதவச் சாத்தறானே, அவன் மேல தப்பில்ல. நின்ன பஸ்ஸ முந்திக்கிட்டு வந்தானே, அவன் மேல தப்பில்ல. ஆள் நடக்கறது ஒரு எடம், பாலம் கட்றது ஒரு எடம்னு கட்டிட்டுப் போனானே, அவன் மேலயும் தப்பில்ல. கால் ஒடஞ்சு கெடக்கறவ மேலதான் தப்பா?"

"கத்தாத ஆபா. பக்கத்துல எல்லாம் பாக்கறாங்க."

"பாக்கட்டும்," என்றாள் மொர்ஜினா. ஆனால் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். மீதிக் கஞ்சியை ஊட்டி முடித்தாள்.

வீட்டில் இதைப் பேச முடியாத நிலை. அவள் கணவன் தெலோவார் அதே சாலையில் பஸ் ஓட்டுகிறவன். கோஹினூரை இடித்தது அவன் பஸ் இல்லை. ஆனால் இடித்தவனை அவனுக்குத் தெரியும். இருவரும் ஒரே கடையில் டீ குடிக்கிறவர்கள். அன்று இரவுச் சாப்பாட்டில் உருளைக்கிழங்கு மசித்த பர்த்தாவைச் சோற்றில் பிசைந்தபடி தெலோவார் சொன்னான்:

"நாளையிலேர்ந்து நீ பாலத்துலயே போ."

"எட்டு மணிக்கு நான் போய்ச் சேர வேணாமா?"

"அரை மணி முன்னாடி கெளம்பு."

"அடுப்பு எனக்கு எப்பக் கெடைக்குதுன்னு உனக்குத் தெரியாதா? வரிசையில நின்னு சோறு பொங்கி, உனக்குக் கட்டிக் குடுத்துட்டுதான வரேன். நீ அரை மணி முன்னாடி எந்திரிச்சு நில்லு அடுப்புக்கு."

தெலோவார் சிரித்தான். "கோழிக் கூட்டம் மாதிரி குறுக்க ஓடறீங்க எல்லாரும். எங்களுக்கு எங்க பாத்து பிரேக் போடறதுன்னே தெரியல. ஒருத்தி ஓடறா, ஒருத்தி நிக்கறா, ஒருத்தி திரும்பறா."

"ட்ரிப்புக்கு இவ்வளவுன்னு வாங்கறதுனால பறக்கறீங்க. அத மட்டும் சொல்ல மாட்ட."

"அதுவும்தான்," என்றான் அவன். கோபமில்லாமல்தான் சொன்னான். "நான் மெதுவா ஓட்டினா பின்னாடி வரவன் ஆள அள்ளிக்கிட்டுப் போயிடுவான். நான் ஒருத்தன் நின்னு என்ன ஆவப்போவுது?"

மொர்ஜினா தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். படுத்த பிறகும் அவன் சொன்ன கோழிக் கூட்டம் மனத்தைவிட்டுப் போகவில்லை. வைதது வலித்தது, அதைவிட, அவன் சொன்னது உண்மை என்பது வலித்தது. ஒருத்தி ஓட, ஒருத்தி நிற்க. தனித்தனியாகப் போவதால்தானே?

அந்த வாரமே முனையில் போக்குவரத்துப் போலீஸ் சார்ஜென்ட் ஹபிப் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்தார். கீழே கடக்கிறவர்களைப் பிடித்து ஓரமாக நிறுத்தி அபராதம் போட்டார். நடுத்திட்டு இடைவெளியை இரும்புக் கம்பி வைத்து அடைக்கப்போகிறார்கள் என்ற செய்தியும் வந்தது. கம்பிகளை லாரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். பிடிபட்டவர்கள் தாமதமாக வந்தார்கள். தாமதமானவர்கள் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினார்கள். மற்றவர்கள் சார்ஜென்ட் கண்ணில் படாமலிருக்க முனையை விட்டுக் கொஞ்சம் தள்ளி, பஸ்கள் இன்னும் வேகமாக வருகிற இடத்தில் ஓடினார்கள்.

வரிசை வீடுகளில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு சமையல் கொட்டகை. விடிவதற்கு முன்பே அங்கே பாத்திரத்தோடு பெண்கள் வரிசையில் நிற்பார்கள். மொர்ஜினா பேச்சை அங்கேதான் ஆரம்பித்தாள்.

"நாளைக்கு யாரும் தனியா எறங்க வேணாம். முனையில நிப்போம். ஆள் சேரட்டும். சேந்து எறங்குவோம். ஓடக்கூடாது. நடக்கணும்."

"பஸ்ஸு நிக்குமா ஆபா?" என்று கேட்டாள் ஷில்பி. பக்கத்துத் தொழிற்சாலைக்காரி. சின்ன வயது, வாய் பெரிசு, அந்த மூன்று தொழிற்சாலைகளிலும் அவளுக்குத் தெரியாத ஆளில்லை.

"ஒருத்திக்கு நிக்க மாட்டான். நூறு பேருக்கு நிப்பான்."

"நிக்கலன்னா?"

"முன்னாடி நான் இருக்கேன்."

தரை பெருக்குகிற வேலை பார்க்கும் ஆன்வாரா எல்லோருக்கும் 'காலா', சித்தி முறை. அவள் அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்: "ஏண்டி, முன்னாடி நீ இருந்தா பஸ்ஸு உனக்கு மாமன் மொறையா?"

எல்லோரும் சிரித்தார்கள். மொர்ஜினாவும் சிரித்தாள். "புருஷன் மொறைதான் காலா. ஓட்டறவன்ல ஒருத்தன் என் வீட்ல சாப்டறான்."

"அப்ப சரி. எனக்கும் முட்டி செத்துப் போச்சு. ஓட முடியல. நடக்கறதுன்னா நானும் வரேன்."

தொழிற்சாலைக்குப் பின்னால் கழிவுத் துணி மூட்டைகளிலிருந்து சிவப்புத் துணி இரண்டு துண்டு எடுத்து மூங்கில் குச்சியில் கட்டிக்கொண்டார்கள். மறுநாள் முனையில் நின்றார்கள். நினைத்த அளவுக்கு ஆள் சேரவில்லை. பாதிப்பேர் எட்ட நின்று வேடிக்கை பார்த்தார்கள். சார்ஜென்ட் அப்போதுதான் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார். மொர்ஜினா ஒரு குச்சியை ஷில்பியிடம் கொடுத்தாள், இன்னொன்றைத் தானே பிடித்தாள். பிஸ்மில்லா சொல்லிக் காலை எடுத்துச் சாலையில் வைத்தாள்.

முதல் பாதியில் ரிக்‌ஷாக்களும் ஒரு காரும் நின்றன. நடுத்திட்டைத் தாண்டி மறுபாதியில் இறங்கும்போது ஒரு பஸ் வந்தது. முன்கண்ணாடியில் தொங்கிய பச்சைக் குஞ்சத்தைத் தூரத்திலேயே அவள் அடையாளம் கண்டாள். போன பெருநாளுக்கு அவளே தைத்துக் கொடுத்தது.

தெலோவார் ஹாரனை விடாமல் அழுத்தினான். அவன் கிளீனர் கதவில் தொங்கியபடி தகரத்தைத் தட்டினான். "தள்ளு தள்ளு தள்ளு" என்று கத்தினான். பின்னால் யாரோ ஒருத்தி அலறித் திரும்பினாள். ஓடிவிடு என்று மொர்ஜினாவின் உடம்பு சொன்னது. இன்னும் நாலு எட்டு வைத்தால் அந்தக் கரை. ஆனால் அவளுக்குப் பின்னால் ஆன்வாரா காலா இருந்தாள், அவளால் ஓட முடியாது. மொர்ஜினா பஸ் வருகிற பக்கமாகத் திரும்பி, குச்சியை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிரேக் கிறீச்சிட்டது. ஈரச் சாலையில் பஸ் கொஞ்சம் சறுக்கி, சாய்ந்தாற்போல் வந்து நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. அவள் அவனைப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி, "நடங்க காலா, மெதுவா நடங்க," என்றாள்.

அன்று இரவு தெலோவார் சாப்பிடவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தான். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் சோற்றுத் தூக்கை வாங்கும்போது, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"ராத்திரி கண்ண மூடினா நீ நிக்கறதுதான் வருது."

"நல்லது. வண்டி ஓட்டறப்பவும் வரட்டும்."

"திமிரு," என்றான் அவன். படியில் இறங்கியவன் நின்றான். "எங்க எறங்கப்போறீங்கன்னு தூரத்துலயே தெரியணும். தரையில ஒரு கோடு கெடையாது, வேகத்தக் கொறைக்க ஒரு மேடு கெடையாது. திடீர்னு துணியத் தூக்கினா எந்த டிரைவர் நிறுத்துவான்? என்னால முடிஞ்சுது. மழை இன்னும் கொஞ்சம் பேஞ்சிருந்தா முடிஞ்சிருக்காது."

கோடும் மேடும். மொர்ஜினா அதை மனத்தில் முடிந்துகொண்டாள்.

ஆனால் சேர்ந்து கடப்பது ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. தினமும் ஆள் கூடியது. அதற்கேற்ப சார்ஜென்டின் கோபமும் கூடியது. போக்குவரத்தை மறித்ததாக வழக்குப் போடுவேன் என்றார். அவர் தொழிற்சாலைக்கும் சொல்லிவிட்டார் போலும், மேலாளர் ரெஜாவுல் மொர்ஜினாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். அந்த அறையில் குளிர்சாதனம் ஓடியது. வியர்த்த முதுகோடு போனவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

"நல்ல டைலர் நீ. உன்மேல எனக்கு மரியாதை உண்டு," என்று தொடங்கினார் ரெஜாவுல். "கொடி புடிச்சுக்கிட்டு ரோட்ல நிக்கறது நம்ம பேருக்கு நல்லதா? வெளிநாட்டுக்காரன் வந்து போற எடம். நாளைக்கு உன்ன ஸ்டேஷன்ல உக்கார வச்சா நான் வரமாட்டேன். வேலையும் இருக்காது. பாலம் இருக்கு, பாலத்துல வாங்க. அவ்வளவுதான்."

"கீழ நடக்க ஒரு வழி கேக்கறோம் சார். வேற ஒண்ணும் இல்ல."

"அத நான் தர முடியாது. பாலத்துல வாங்க."

"பாலத்துல வந்தா நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களே?"

"அதத்தானம்மா இவ்வளவு நேரமா சொல்றேன்."

"எல்லாரும் வரணுமா சார்?"

"எல்லாரும்தான். ஒருத்தர் பாக்கியில்லாம."

"சரி சார்," என்றாள் மொர்ஜினா.

மிஷினுக்குத் திரும்பி வந்து ஊசியில் நூலைக் கோத்தாள். கை தானாக வேலை செய்தது. காலரைத் திருப்பும்போது பாதியில் நிறுத்தினாள். மேலாளர் சொன்ன கடைசி வார்த்தையை மறுபடி ஒருமுறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தாள். ஒருத்தர் பாக்கியில்லாமல்.

அன்று மாலை அடுப்புக் கொட்டகையில் அவள் சொன்னதைக் கேட்டு ஷில்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆன்வாரா காலாவுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது.

"அப்ப கெலிச்சது அவங்களா, நாமளா? பாலத்துலதான் போகணுங்கறியா?"

"ஆமா காலா. மூணு தொழிற்சாலையும். எல்லாரும் ஒரே நாள்ல. சட்டம் என்ன சொல்லுதோ அப்படியே."

"ஐயோ, அதுல ஏறி எறங்க மத்தியானம் ஆயிடுமேடி."

"ஆகட்டும்."

காலாவின் முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது. "அடி கள்ளி," என்றாள்.

ஆனால் மொர்ஜினாவுக்குச் சிரிப்பு வரவில்லை. குறுகலான படியில் அத்தனை பேர் ஏறினால் என்ன நடக்கும் என்று அவளுக்குப் பயம் இருந்தது. ஒருத்தி தடுக்கினால் போதும். அடுத்த மூன்று மாலைகள் அவளும் ஷில்பியும் வீடு வீடாகப் போனார்கள். ஒற்றை வரிசை. ஒரு கை எப்போதும் கைப்பிடியில். முன்னால் போகிறவள் முதுகில் கை வைக்கக்கூடாது. யாரும் தள்ளக்கூடாது, யாரும் அவசரப்படக்கூடாது. நாம் எங்கேயும் அவசரமாகப் போகவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரிகள் யாரும் படி ஏறவே கூடாது, வரிசையில் கீழே நின்றால் போதும். பாலத்துச் செருப்புக்காரனிடமும் சொல்லிவைத்தார்கள். அவன் முணுமுணுத்தான். ஷில்பி அவன் கடையிலேயே ஒரு ஜோடி வாங்கிக்கொண்ட பிறகு ஒருநாள் கடையை எடுக்கச் சம்மதித்தான்.

சில பேர் பயந்தார்கள். தாமதமில்லாமல் வருகிறவர்களுக்கு மாதக் கடைசியில் தரும் வருகைப் படி போய்விடும் என்றார்கள். மொர்ஜினா அதை மறைக்கவில்லை. "போகலாம். ஆனா எல்லாருக்கும் வெட்டினா மறுநாள் மிஷின்ல யாரு உக்காருவா? சரக்கக் கப்பல்ல ஏத்தற வாரம் இது. அவங்களுக்கும் தெரியும்."

குறித்த நாள் காலை வானம் மூடியிருந்தது, மழை இல்லை. மொர்ஜினா பாலத்தின் அடியில் முதல் படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். முதலில் ஆன்வாரா காலாவை ஏறாதே என்றாள். காலா கேட்கவில்லை. "எனக்கில்லாத பாலமா," என்று சொல்லி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, அல்லாவைக் கூப்பிட்டுக்கொண்டே ஏறினாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் அவள் வேகத்திலேயே வந்தார்கள்.

வரிசை அரிசி மண்டியைத் தாண்டியது. மசூதி வாசலைத் தாண்டியது. முனையைத் தாண்டி, சாக்கடைப் பாலம் வரைக்கும் போய்த் திரும்பியது. நடைபாதை என்று ஒன்று அங்கே இருந்தால் அதில் நின்றிருப்பார்கள். செங்கல் குவியலும் மணலும் இருந்ததால் சாலை ஓரத்திலேயே நின்றார்கள். பஸ்களுக்கு ஓரம் கட்ட இடமில்லை. நடுச்சாலையில் நிறுத்தி ஆள் ஏற்றினார்கள். அதற்குப் பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வண்டிகள். யாரும் சாலையை மறிக்கவில்லை. யாரும் கொடி பிடிக்கவில்லை. பெண்கள் தூக்குச் சட்டியும் குடையுமாகப் பொறுமையாக நின்றார்கள். சிலர் மடியிலிருந்து பொரி எடுத்துக் கொறித்தார்கள்.

சார்ஜென்ட் ஹபிப் வரிசை நெடுகிலும் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"என்ன கூத்து இது?"

"பாலத்துக்கு நிக்கறோம் சார்," என்றாள் ஷில்பி.

"ஏன் இவ்வளவு மெதுவா?"

"படி ஒயரம் சார். முட்டி வலிக்குது."

அவர் பாலத்தை அண்ணாந்து பார்த்தார். மேலே ஓர் எறும்புச்சாரிபோல் தலைகள் நகர்ந்தன. தொழிற்சாலைகளில் எட்டு மணிச் சங்கு ஊதியது. வரிசை அசையவில்லை. சங்கு கேட்டு ஓடாத காலை அந்தப் பெண்களின் வாழ்க்கையில் அதுதான் முதல். ஒருத்தி வாய்விட்டுச் சிரித்தாள், அடுத்தவளுக்கும் தொற்றிக்கொண்டது.

சார்ஜென்டின் வயர்லெஸ் பேசிக்கொண்டே இருந்தது. நெரிசல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று மேலதிகாரிகள் கேட்டார்கள் போல. அவர் மொர்ஜினாவிடம் வந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"இன்னைக்குக் கீழயே போங்க. நான் வண்டிய நிறுத்தறேன்."

"கீழ போனா அபராதம் போடுவீங்களே சார்."

"போட மாட்டேன். போங்க."

"வேணாம் சார். தப்பு எங்க மேல வந்துடும்."

அவர் பல்லைக் கடித்தார். அந்த நேரத்தில்தான் வரிசையின் நடுவிலிருந்து பெரிதாக ஒரு ஆரவாரம் எழுந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ரெஜாவுல் தொழிற்சாலை வாசலிலிருந்து வந்துகொண்டிருந்தார். முனைக்கு நேரே, நடுத்திட்டு இடைவெளி வழியாக, ஒரு கையை நீட்டி வண்டிகளைத் தடுத்தபடி, குனிந்து ஓடி வந்தார்.

"சார், பாலம் அங்க இருக்கு," என்று யாரோ கத்தினார்கள்.

"ஒருத்தர் பாக்கியில்லாம சார்," என்றாள் ஷில்பி.

ரெஜாவுல் காதில் விழாதவர்போல் மொர்ஜினாவிடம் வந்தார். மூச்சு வாங்கியது. "லைன்ல கால்வாசி மிஷின்கூட ஓடல. மூணு ஃபேக்டரியும் இப்படித்தான். என்னம்மா வேணும் உனக்கு?"

அவள் இதற்காகத் தயாராகவே இருந்தாள். "அந்த எடைவெளிய அடைக்கக்கூடாது. தரையில கோடு போடணும். ரெண்டு பக்கமும் வேகத்தடை மேடு. வேலைக்குப் போறப்பவும் விடறப்பவும் வண்டிய நிறுத்த ஒரு போலீஸ்காரர்."

"அதெல்லாம் நான் செய்யற வேலையா? நான் யாரு?"

"எங்களவிட உங்க பேச்சு எடுபடும் சார். பெரியவங்ககிட்ட நீங்க பேசலாம். எங்களுக்குப் பாலம் இருக்கு. நாங்க நாளைக்கும் இதுலயே வரோம்."

ரெஜாவுல் அவளை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு சார்ஜென்டைப் பார்த்தார். சார்ஜென்ட் வேறு பக்கம் பார்த்தார்.

மறுநாளும் வந்தார்கள். ஆள் குறைந்துவிடும் என்று மொர்ஜினா பயந்திருந்தாள், குறையவில்லை. முதல் நாள் வயிற்றுப் போக்கு, தலைவலி என்று வராமலிருந்தவர்களும் வந்தார்கள். இரண்டாவது நாள் மத்தியானமே மூன்று முதலாளிகளும் சேர்ந்து போய் யாரையோ பார்த்ததாகச் செய்தி வந்தது. மூன்றாம் நாள் காலையில் சார்ஜென்ட் ஹபிப் மேசையில்லாமல் முனையில் நின்றார். கையில் விசில். பெண்கள் சேர்ந்ததும் ஊதி, கையைக் குறுக்கே நீட்டினார். வண்டிகள் நின்றன.

இடைவெளிக்கு என்று வந்த இரும்புக் கம்பிகளை லாரியில் ஏற்றி எங்கேயோ கொண்டுபோனார்கள். மேடு போட மழைக்காலம் முடியவேண்டியிருந்தது. அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஆட்கள் வந்து வெள்ளைக் கோடுகள் போட்டார்கள். வரிசை வீட்டுப் பிள்ளைகள் காயும் முன்பே அதில் நொண்டியடித்து, சாயக் காலோடு வீடு திரும்பி அடி வாங்கினார்கள்.

எல்லாமே நன்றாக முடிந்தது என்று சொல்ல முடியாது. மொர்ஜினாவை அடுத்த மாதமே காலர் லைனிலிருந்து தூக்கி, மேல்மாடியில் பொத்தான் வைக்கிற இடத்துக்குப் போட்டார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கோஹினூருக்குப் பஸ்காரன் கடைசிவரை எதுவும் தரவில்லை. கால் கூடியது, ஆனால் கொஞ்சம் கட்டையாகக் கூடியது. உட்கார்ந்து பிசிர் வெட்டுகிற வேலை கிடைத்தது.

கோஹினூர் மறுபடி வேலைக்கு வந்த முதல் நாள் மொர்ஜினா அவளை அழைத்துக்கொண்டு முனைக்கு வந்தாள். கோட்டின் விளிம்பில் கோஹினூர் நின்றுவிட்டாள். உதடு காய்ந்து, கையிடுக்குக் கட்டையை இறுகப் பிடித்தபடி நின்றாள். கூட்டம் கடந்து போய்விட்டது. சார்ஜென்ட் கையை இறக்கப் போனார். மொர்ஜினா அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் மறுபடி கையை நீட்டினார்.

"முடியல ஆபா," என்றாள் கோஹினூர்.

"நீ நின்னா நானும் நிக்கறேன். வண்டிங்களும் நிக்கட்டும்."

ஹாரன் ஒன்று, பிறகு பல. கோஹினூர் கண்ணை மூடித் திறந்தாள். கட்டையை முதல் வெள்ளைக் கோட்டில் ஊன்றினாள். அன்று அந்தச் சாலையைக் கடக்க அவள் எடுத்துக்கொண்ட நேரத்துக்கு எந்த பஸ்காரனும் அவளை மன்னித்திருக்க மாட்டான். அவள் பாதியில் ஓடவில்லை. அழுதுகொண்டே நடந்தாள். அந்தக் கரையில் ஏறியதும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பசிக்குது," என்றாள்.

தெலோவாரும் மற்ற டிரைவர்களும் அந்த மேட்டைத் திட்டாத நாளில்லை. வண்டியின் அடி தட்டுகிறது, ஸ்பிரிங் தேய்கிறது என்று புலம்புவார்கள். கிளீனர்கள் அந்த நிறுத்தத்துக்குப் பெண்டுகள் மேடு என்று பெயர் வைத்துக் கூவத் தொடங்கினார்கள். "ஆள் ஏத்தறப்ப கூவறான், நல்ல பேரா வச்சிருக்கலாம்," என்றாள் மொர்ஜினா. "நீ பண்ணின வேலைக்கு இந்தப் பேரே அதிகம்," என்றான் தெலோவார். ஆனால் தூரத்துக் கோட்டைப் பார்த்ததும் தன் கால் தானாகவே பிரேக்குக்குப் போய்விடுகிறது என்று ஒருநாள் அவனே சொன்னான்.

குளிர்காலம் தொடங்கியதும் புதிய தொல்லை தெரிந்தது. மிகைநேர வேலை முடிந்து பெண்கள் வெளியே வரும்போது இருட்டிவிடுகிறது. விசில்காரர் அதற்குள் வீட்டுக்குப் போய்விடுகிறார். கோடு இருட்டில் தெரிவதில்லை. இரண்டு முறை மயிரிழையில் தப்பினார்கள்.

ஒரு மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில் மொர்ஜினாவும் கோஹினூரும் முனையிலிருந்த போலீஸ் கூண்டுக்குப் போனார்கள். சார்ஜென்ட் ஹபிப் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மொர்ஜினாவைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்தினார்.

"இன்னும் என்ன?"

"ஓவர்டைம் விடறப்ப ஆள் இல்ல சார். வெளக்கும் இல்ல."

"வெளக்கு என் டிபார்ட்மெண்ட் இல்லம்மா."

"யாருதுன்னு சொல்லுங்க, அங்க போறோம். ஆள் உங்களுதுதான?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். கூண்டுக்குள் கிடந்த ஒரே நாற்காலியிலிருந்து எழுந்து, அதைக் கோஹினூர் பக்கமாகத் தள்ளினார்.

"உக்காருங்க," என்றார். "எத்தன மணிக்கு விடறாங்கன்னு சொல்லுங்க."